விளையாட்டுப் பள்ளி விடுதிக்கு மகளை அனுப்பலாமா? அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்

தெம்பனிஸ் அம்மா எழுதியது:

வணக்கம். என் மகள் இவ்வாண்டு தொடக்கநிலை ஆறில் படிக்கிறாள். பள்ளியின் திடல்தட அணியில் 100 மீட்டரும் 200 மீட்டரும் ஓடுகிறாள். தேசிய பள்ளி விளையாட்டுப் போட்டிகளில் அவள் ஓடியதைப் பார்த்த பயிற்றுவிப்பாளர், தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு முடிவுக்கு முன்பே திறமையைப் பார்த்து உயர்நிலைப் பள்ளியில் இடம் தரும் நேரடிப் பள்ளிச் சேர்க்கைத் திட்டத்தின்கீழ் சிங்கப்பூர் விளையாட்டுப் பள்ளிக்கு விண்ணப்பிக்கலாமே என்று சொன்னார். அன்றுமுதல் வீட்டில் வேறு பேச்சே இல்லை.

பள்ளி உட்லண்ட்சில் இருக்கிறது. நாங்கள் இருப்பது தீவின் மறுகோடியில். வார நாள்களில் விடுதியில்தான் தங்க வேண்டியிருக்கும். கணவருக்குச் சம்மதம். மாமியாருக்கோ, பன்னிரண்டு வயதுப் பெண்பிள்ளையை வெளியில் தங்கவைப்பதா என்ற ஒரே கேள்விதான். அதைத் தாண்டி எதையும் கேட்க அவர் தயாராக இல்லை. மகள் போயே தீருவேன் என்கிறாள். அந்த ஆசையில் ஓட்டத்தின் மீதுள்ள பற்று எவ்வளவு, தோழிகளோடு சேர்ந்து தங்கலாம் என்ற குதூகலம் எவ்வளவு என்று என்னால் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

விண்ணப்பம் எப்படி நடக்கும், படிப்பு பின்தங்குமா, காயம் பட்டு ஓட முடியாமல் போனால் அவள் நிலை என்ன என்பவை என் முக்கியக் கேள்விகள். அங்கே பிள்ளைகளைப் படிக்கவைத்தவர்கள் எழுதினால் பேருதவியாக இருக்கும்.

ஈசூன் தந்தை எழுதியது:

சகோதரி, என் மூத்த மகள் நீச்சல் வழியாக அதே பள்ளியில் சேர்ந்து படித்து முடித்தவள். ஆகவே நான் கண்டதை மட்டும் எழுதுகிறேன்.

முதலில் மாமியாரின் கேள்வி. என் தாயாரும் இதையேதான் கேட்டார். நாங்கள் வாதாடிப் பார்த்துவிட்டு, கடைசியில் பொது வரவேற்பு நாளன்று அவரையும் கூட்டிக்கொண்டு போனோம். பெண்பிள்ளைகள் தங்கும் பகுதி எது, இரவில் பொறுப்பில் இருப்பவர் யார், பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் வீட்டுக்கு எப்போது தொலைபேசி வரும் என்றெல்லாம் அவரே நேரில் கேட்டறிந்தார். எங்கள் வாயால் நூறு முறை சொல்லியும் நம்பாதவர், விடுதிப் பொறுப்பாளர் ஒருமுறை சொன்னதும் நம்பிவிட்டார். உங்கள் வீட்டிலும் இதைச் செய்து பாருங்கள்.

அன்றாட வாழ்க்கையைப் பற்றி. விடியுமுன் பயிற்சி, பிறகு வகுப்பு, மாலையில் மீண்டும் பயிற்சி, இரவு உணவுக்குப் பின் வீட்டுப்பாடம். வெளியிலிருந்து பார்க்கும்போது இது கடுமையாகத் தெரியும். ஆனால் வீட்டிலிருந்தே இதே அளவு பயிற்சி செய்யும் பிள்ளைகள் இரண்டு பேருந்துகளும் ஒரு ரயிலும் மாறி வரும் நேரத்தை நினைத்துப் பாருங்கள். அந்த நேரம் விடுதிப் பிள்ளைக்குத் தூக்கமாக மிஞ்சுகிறது. உயர்நிலை ஒன்றின் தொடக்கத்தில் இரவு எட்டரை மணிக்கு என் மகள் அழைப்பாள். பேசிக்கொண்டிருக்கும்போதே பதில் குறைந்துகொண்டு வரும், பார்த்தால் தூங்கியிருப்பாள். வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வரும்போது பையைத் திறந்தால் ஈரத்துண்டும் குளோரின் வாடையும் கூடமெங்கும் பரவும். அந்தப் பையின் ஓரத்தில் என் மனைவி வைத்தனுப்பிய எலுமிச்சை ஊறுகாய்ப் புட்டி மட்டும் தவறாமல் காலியாகத் திரும்பி வரும். உணவுக்கூடத்துச் சாப்பாட்டில் சத்துக்குக் குறைவில்லை. நாக்குக்குத்தான் வீட்டு நினைவு. அவள் அறைத்தோழிகளும் அதற்குப் பழகிவிட்டதால் பிறகு பெரிய புட்டியாக அனுப்ப வேண்டியதாயிற்று.

படிப்பு பின்தங்குமா என்றால், பின்தங்கவும் செய்யும், பின்பு எட்டிப் பிடிக்கவும் செய்யும். வெளிநாட்டுப் போட்டிக்குப் போய்வந்தால் விட்டுப்போன பாடங்களை ஆசிரியர்கள் தனியாக நடத்துவார்கள். ஆனால் களைத்துப்போன பிள்ளை அதில் எவ்வளவு ஏற்றுக்கொள்கிறது என்பது வேறு கதை. என் மகளுக்குக் கணிதம் தடுமாறியது. வார இறுதியில் துணைப்பாடத்துக்கு அனுப்பலாமென்றால் அந்த நாள்களில்தான் போட்டிகளும் நடக்கும். மற்றபடி வழிகள் பல உண்டு. அவள் காலத்தில் பொதுத் தேர்வு எழுதி, பல்கலைக்கழகத்துக்கு முந்தைய தொடக்கக் கல்லூரிக்குப் போனவர்களும் இருந்தார்கள், ஐபி எனும் அனைத்துலகப் பட்டயம் படித்தவர்களும் இருந்தார்கள், பலதுறைத் தொழிற்கல்லூரிப் பட்டயப்படிப்புக்கு நேரடியாகச் சென்றவர்களும் இருந்தார்கள். உங்கள் மகள் வரும் ஆண்டுக்கு எவையெவை உள்ளன என்பதைப் பள்ளியிடம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். 2027 முதல் ஓ லெவல், என் லெவல் எனும் உயர்நிலை இறுதித் தேர்வுகள் நீங்கி ஒரே உயர்நிலைக் கல்விச் சான்றிதழ்த் தேர்வு வருவதால் பழைய மாணவர்கள் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. நான் சொல்வதையும் சேர்த்துத்தான்.

ஓய்வுபெற்ற ஆசிரியர் எழுதியது:

விண்ணப்ப நடைமுறையைப் பற்றி நான் சொல்கிறேன், அம்மா. தொடக்கப்பள்ளியில் பல ஆண்டுகள் இந்தப் படிவங்களோடு காலம் தள்ளியவன்.

கல்வி அமைச்சின் இணையவாசல் வழியாக, பெற்றோரின் சிங்பாஸ் எனும் அரசாங்க மின்னிலக்க அடையாளக் கணக்கைக் கொண்டு விண்ணப்பிக்க வேண்டும். கட்டணம் கிடையாது. வாசல் பொதுவாக மே மாதத் தொடக்கத்தில் திறந்து ஜூன் தொடக்கத்தில் மூடிவிடும். மூன்று தெரிவுகள்வரை இடலாம். தொடக்கநிலை ஐந்து, ஆறு ஆகிய ஆண்டுகளின் பள்ளி மதிப்பெண்கள், இணைப்பாட நடவடிக்கைகள், உடலுறுதித் தேர்வு முடிவு போன்றவை தாமாகவே உயர்நிலைப் பள்ளிகளுக்குப் போய்ச் சேரும். ஆகவே சான்றிதழ்களையெல்லாம் வண்ணப் படிகளாக எடுத்து, தடித்த கோப்பாகக் கட்டித் தருவதாகச் சொல்லும் நிலையங்களுக்குப் பணம் கொடுக்காதீர்கள். அந்தக் கோப்பைப் பார்த்து ஒரு பிள்ளையின் ஓட்டத்தை எந்தப் பயிற்றுவிப்பாளரும் எடைபோடப் போவதில்லை. தடத்தில் ஓடவைத்துத்தான் பார்ப்பார். திறன் சோதனையும் நேர்முகமும் ஜூன் முதல் ஆகஸ்ட் வரையில் நடைபெறும். முடிவு செப்டம்பர் வாக்கில் தெரியும். இடம் கிடைத்தால், அக்டோபரில் பள்ளி விருப்பத்தைப் பதிவு செய்ய வேண்டும். நவம்பரில் பி.எஸ்.எல்.இ. எனும் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வின் முடிவோடு சேர்க்கை உறுதியாகும்.

பெற்றோர் பலர் கவனிக்காமல் விடுவது அந்த அக்டோபர் கட்டத்தைத்தான். நேரடிச் சேர்க்கையில் இடம் உறுதியான பிள்ளை, பி.எஸ்.எல்.இ. முடிவுக்குப் பின் நடக்கும் உயர்நிலை ஒன்று பொதுச் சேர்க்கையில் பங்குபெற முடியாது. வேறு பள்ளிக்கு மாற்றம் கேட்கவும் முடியாது. எதிர்பார்த்ததைவிட மிக நல்ல புள்ளிகள் வந்துவிட்டன, இப்போது வேறு பள்ளியைப் பார்க்கலாமே என்று நவம்பர் மாதத்தில் மாமன் மச்சான் எல்லாம் யோசனை சொல்ல வருவார்கள். அப்போது கதவு மூடியிருக்கும். எனவே நான்கு பாடங்களின் கூட்டுப்புள்ளி எதுவாக இருந்தாலும் இந்தப் பள்ளிதான் என்று குடும்பமே சொல்ல முடிந்தால் மட்டும் அக்டோபரில் விருப்பத்தைப் பதிவு செய்யுங்கள். மே மாதத்தில் விண்ணப்பிப்பதால் எந்தக் கட்டுப்பாடும் வந்துவிடாது. ஆகவே இப்போது தயங்க வேண்டியதில்லை.

நேர்முகத்துக்கு மகளைத் தயார் செய்யாதீர்கள் என்று சொன்னால் விந்தையாக இருக்கும். ஆனால் மனப்பாடம் செய்து ஒப்பிக்கும் பிள்ளையை முதல் நிமிடத்திலேயே கண்டுபிடித்துவிடலாம். சென்ற வாரம் பயிற்சியில் எது சரியாக வரவில்லை, அதற்கு நீ என்ன செய்தாய் என்று கேட்டால் அவள் தானாகவே பேசுகிறாளா என்று வீட்டில் பாருங்கள். ஓட்டமா, குதூகலமா என்ற உங்கள் கேள்விக்கும் அந்தப் பேச்சில் பாதி விடை கிடைக்கும்.

இயன்முறைச் சிகிச்சையாளர் எழுதியது:

காயத்தைப் பற்றிய கேள்வியை யாரும் தொடவில்லை என்பதால் எழுதுகிறேன்.

பன்னிரண்டு வயதில் முதலாவதாக வரும் பெண்பிள்ளைகளில் கணிசமானோர், மற்றவர்களைவிட முன்னதாக வளர்ந்துவிட்டவர்கள். உயரமும் கால் வலுவும் இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே வந்துவிட்டால் நூறு மீட்டரில் அது அப்பட்டமாகத் தெரியும். பதினான்கு, பதினைந்து வயதில் மற்றவர்களும் வளர்ந்து வந்தபின் அந்த இடைவெளி குறையும். சிலருக்கு மறைந்தே போகும். அப்போது பிள்ளை சோம்பேறியாகிவிட்டது என்று பெற்றோர் நினைப்பதும், தனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பிள்ளை அழுவதும் நான் அடிக்கடி காண்பவை. உங்கள் மகள் எப்போது வேகமாக உயர்ந்தாள் என்பதைச் சோதனையின்போது பயிற்றுவிப்பாளரிடம் சொல்லுங்கள். நல்ல பயிற்றுவிப்பாளர் அதைத் தானாகவே கேட்பார்.

எலும்பு வேகமாக வளரும் பருவத்தில் முழங்காலுக்குச் சற்றுக் கீழே, தசைநார் எலும்போடு சேரும் இடத்தில் வலியும் புடைப்பும் வருவதுண்டு. ஆஸ்குட் ஷ்லாட்டர் என்று பெயர். பெரும்பாலும் வளர்ச்சி நின்றதும் சரியாகிவிடும். ஆனால் அதுவரை ஓட்டத்தின் அளவைக் குறைத்துக்கொள்ள வேண்டும். விடுதியில் இருக்கும் பிள்ளை, அணியில் இடம் போய்விடுமோ என்ற பயத்தில் வலியை மறைக்கப் பார்க்கும். வீட்டில் என்றால் மாடிப்படி இறங்கும்போதே அம்மாவின் கண்ணில் பட்டுவிடும். ஆகவே வார இறுதியில் வரும்போது பதக்கத்தைப் பற்றி விசாரிப்பதற்கு முன் அவள் நடையைப் பாருங்கள். பூப்பெய்திய பின் களைப்பு அதிகமாக இருந்தால் இரும்புச் சத்தைச் சோதித்துக்கொள்வதும் நல்லது; ஓடும் பெண்பிள்ளைகளுக்கு இது குறைவது சாதாரணம்.

ஈசூன் தந்தையோடு ஒரு விஷயத்தில் எனக்குக் கருத்து வேறுபாடு உண்டு. தூக்கம் மிஞ்சுகிறது என்கிறார். மிஞ்சுகிறதா என்பது கைப்பேசி எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தது. இரவில் கைப்பேசியைப் பற்றி விடுதியின் விதி என்ன என்று கட்டாயம் கேளுங்கள்.

ஒன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இந்தப் பள்ளியின் முன்னாள் மாணவி சாந்தி பெரேரா 2015இல் சிங்கப்பூரில் நடந்த தென்கிழக்காசிய விளையாட்டுகளில் 200 மீட்டரில் தங்கம் வென்றார். அதே போட்டியில் அடுத்த தங்கம் 2022இல் ஹனோயில்தான் வந்தது. 2023இல் ஹாங்ஜோவில் ஆசிய விளையாட்டுத் தங்கமும் பெற்றார். எல்லாருக்கும் நினைவிருப்பது 2023. பிள்ளைகளிடம் நான் பேசுவது இடையிலிருந்த அந்த ஏழு ஆண்டுகளைப் பற்றித்தான். மகளிடம் காயம், தோல்வி பற்றிப் பேச்சைத் தொடங்க இது பயன்படும்.

தெம்பனிஸ் அம்மா எழுதியது:

மூவருக்கும் நன்றி. அக்டோபர் வரை நேரம் இருக்கிறது என்பதே எனக்குப் பெரிய ஆறுதல். மே மாதத்தில் விண்ணப்பித்தாலே மாட்டிக்கொள்வோம் என்று நினைத்திருந்தேன். பொது வரவேற்புக்கு மாமியாரையும் அழைத்துச் செல்கிறோம், பார்க்கலாம்.

இன்னும் இரண்டு ஐயங்கள். மகள் உயர்தமிழ், அதாவது வழக்கமான தாய்மொழிப் பாடத்தைவிட உயர்ந்த நிலைத் தமிழ், படிக்க விரும்புகிறாள். பயிற்சியோடு அது நடக்குமா? பள்ளி காலாங்கிற்கு இடம் மாறப்போவதாக 2024 தேசிய தினப் பேரணியில் பிரதமர் சொன்னாரே, அப்படியானால் தெம்பனிசிலிருந்து தினமும் போய்வரலாம் அல்லவா?

ஓய்வுபெற்ற ஆசிரியர் எழுதியது:

இடமாற்றத்தை நம்பி முடிவெடுக்காதீர்கள், அம்மா. இத்தகைய கட்டடங்கள் எழும்பப் பல ஆண்டுகள் ஆகும். உட்லண்ட்சிலேயே உயர்நிலையை முடிக்க நேரும் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுங்கள். தவிர, தூரம் குறைவதால் விடுதி தேவைப்படாமல் போய்விடும் என்று எண்ணவும் வேண்டாம். விடியற்காலைப் பயிற்சி எங்கே நடந்தாலும் விடியற்காலையில்தான்.

தமிழைப் பொறுத்தவரை, வகுப்பு பள்ளியிலேயே நடக்குமா என்பதை முதலில் கேளுங்கள். தங்கள் பள்ளியில் தமிழ் வகுப்பு இல்லாத மாணவர்கள் பீட்டி சாலையிலுள்ள உமறுப் புலவர் தமிழ்மொழி நிலையத்துக்குப் போவது வழக்கம். அங்கே வகுப்புகள் பள்ளி நேரத்துக்குப் பிறகு நடப்பதால் மாலைப் பயிற்சியோடு மோத வாய்ப்புண்டு. உட்லண்ட்சிலிருந்து போய்வரும் நேரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அப்படி ஒரு நிலை வந்தால் எந்த நாளில் பயிற்சியிலிருந்து விடுவிப்பார்கள், அன்று பிள்ளையை அழைத்துப் போவது யார் என்பதைத் தமிழாசிரியர், பயிற்றுவிப்பாளர் இருவரிடமும் ஒரே சந்திப்பில் கேளுங்கள். தனித்தனியாகக் கேட்டால் இருவருமே பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் சொல்வார்கள்.