850 பாக்கெட்: தள்ளுபடிக் கடையில மிச்சமா, நம்ம ஊர்க் கடையில மிச்சமா?

பாலக்கோடு மளிகை
நேத்து இங்க ஒருத்தர் பில்லைப் படம் புடிச்சுப் போட்டு, "மாச மளிகையைப் பெரிய தள்ளுபடிக் கடையில வாங்குங்க, தெருக்கடைக்காரன் எல்லாம் கொள்ளை"ன்னு எழுதியிருக்காரு. அதுக்கு இத்தனை பேரு கை தட்டியிருக்கீங்க. எங்கப்பா காலத்துலேருந்து கடை நடத்துறவன் நான். ஒரே ஒரு சாமானை எடுத்துக்கறேன், சூரியகாந்தி எண்ணெய். பில்லுல 142. என் கடையில 155. பாத்தா 13 ரூபா கம்மிதான். ஆனா நான் குடுக்கிறது முழு லிட்டர், அங்க குடுக்கிறது 850 மில்லி. லிட்டருக்குக் கணக்குப் போடு, 167 வருது. இப்ப சொல்லுங்க, யாரு கொள்ளை?

ஓசூர் ஷிப்ட்
அந்த பில்லு என்னோடதுதான். அது 850 மில்லி இல்லீங்க, 850 கிராம். எண்ணெய் தண்ணியைவிட லேசு, லிட்டர் எண்ணெயே 910 கிராம்தான் இருக்கும். அப்ப 850 கிராம்னா 934 மில்லி. லிட்டருக்கு 152. உங்களைவிட 3 ரூபா கம்மி. அப்பா காலத்துலேருந்து எண்ணெய் விக்கிறவருக்கு இது தெரியாதுங்களா?

பாலக்கோடு மளிகை
பில்லுல "850"ன்னு மட்டும்தான் இருக்கு தம்பி. கிராம்னு எங்க இருக்கு? மில்லிதான். சரி, 3 ரூபாய்க்கு ஓசூர் வரைக்கும் பயணமா? பஸ் காசு யாரு குடுத்தா?

ஓசூர் ஷிப்ட்
நான் அங்க கம்பெனியில வேலை பாக்கறேன். ஷிப்ட் முடிச்சு வர்றப்ப வாங்கிட்டு வர்றேன். கம்பெனி பஸ்ஸுல டிக்கெட் இல்ல. கிராம்தான்.

பென்னாகரம் டீச்சர்
ரெண்டு பேரும் கொஞ்சம் நில்லுங்க. மிச்சம்னு எதைச் சொல்றீங்க? விலையையா, தரத்தையா, தேவையில்லாததை வாங்காம வர்றதையா? முதல்ல அதைப் பேசுங்க.
இன்னொண்ணு. முன்னாடி எண்ணெய், பருப்பு, பிஸ்கெட், டீத்தூள் எல்லாம் சட்டம் சொன்ன அளவுலதான் பாக்கெட் போடணும். அந்த அட்டவணையையே எடுத்துட்டாங்க. அதனாலதான் 850, 800, 750ன்னு கண்ட அளவுல வருது. பதிலுக்கு கிராமுக்கோ மில்லிக்கோ என்ன விலைன்னு பாக்கெட்டுல அச்சடிக்கணும்னு விதி வந்துச்சு. ஓசூர் தம்பி, பாக்கெட்டைப் போட்டோ எடுத்துப் போட்டீங்கன்னா முடிஞ்சுது.

ஓசூர் ஷிப்ட்
போட்டிருக்கேன் பாருங்க.

பாலக்கோடு மளிகை
நல்லாப் பாத்தேன். அளவு இருக்கிற மூலையைக் கத்திரிக்கோலால வெட்டிட்டு மிச்சத்தைப் போட்டிருக்காரு. "850"க்கு அப்புறம் ஒண்ணும் இல்ல. எவ்வளவு வசதி!

ஓசூர் ஷிப்ட்
எண்ணெய் ஊத்தணும்னா மூலையைத்தான் வெட்டணும். உங்க வீட்டுல நடுவுல ஓட்டை போடுவாங்களா?

காரிமங்கலம் ராணி
கிராமுக்கு விலை போட்டிருக்கணும்னு டீச்சர் சொன்னாங்களே, அந்த எடம் தெரியுதா?

ஓசூர் ஷிப்ட்
கை எண்ணெய் பட்டு மை கலைஞ்சு போச்சுக்கா. தெரிஞ்சாலும் அது எம்ஆர்பிக்குப் போட்ட கணக்கு. 142ங்கிறது தள்ளுபடி விலை.

பாலக்கோடு மளிகை
மூலை போச்சு, மையும் போச்சு. கேஸுல சாட்சியெல்லாம் இப்படித்தான் காணாமப் போகும்.
இன்னொரு சங்கதி கேளுங்க. 2022ல மத்திய அரசே எண்ணெய்க் கம்பெனிங்களைக் கூப்பிட்டு, பாக்கெட்டுல டிகிரி போட்டு அளவு எழுதாதே, எடையையும் சேத்துப் போடுன்னு சொல்லுச்சு. ஏன்னா 60 டிகிரி சூட்டுக் கணக்குல லிட்டர்னு எழுதினா எண்ணெய் விரிஞ்சு நிக்கும், எடை கம்மியாத்தான் இருக்கும். இந்தப் பெரிய பெரிய கம்பெனிங்க வேலைதான் அது.

ஓசூர் ஷிப்ட்
அண்ணா, அந்த வேலை லிட்டர்னு போட்ட பாக்கெட்டுலதான் நடக்கும். கிராம் சூட்டுல மாறாது. லிட்டர் பாக்கெட் விக்கிறது நீங்கதான். உங்க தராசுல ஒண்ணை வச்சு 910 இருக்கான்னு பாத்துச் சொல்லுங்க.

பாலக்கோடு மளிகை
என் தராசு வருசா வருசம் முத்திரை போட்டது. என் தராசைப் பத்திப் பேசாதே.

ஓசூர் ஷிப்ட்
தராசைக் குறை சொல்லல. அதுல பாக்கெட்டை வைங்கன்னுதான் சொல்றேன்.

காரிமங்கலம் ராணி
சட்டம்னு வந்துட்டீங்க, நானும் ஒண்ணு கேக்கறேன். 2022 ஜூலையில 25 கிலோ வரைக்கும் பேர் போட்ட அரிசிக்கு 5 சதவீதம் ஜிஎஸ்டி வந்துச்சு. உடனே ஊரெல்லாம் 26 கிலோ சிப்பம் அடுக்கினாங்க. உங்க கடை வாசல்லயும் 26 கிலோதானே அண்ணா நிக்குது? அந்த ஒரு கிலோ எதுக்கு, நாங்க நல்லா சாப்பிடணும்னா?

பாலக்கோடு மளிகை
அது மில்லுல வர்ற சிப்பம், நான் கட்டல. வரி இல்லாம வந்தா அந்தக் காசு உனக்குத்தான் மிச்சம். எண்ணெய்க்குப் பதில் சொல்லாம எதுக்கு அரிசிக்குத் தாவற? 850 மில்லி.

மாங்கூழ், கிருஷ்ணகிரி
இந்தச் சண்டையைப் பாத்தா சிரிப்பு வருது. எங்க பக்கம் போச்சம்பள்ளி சந்தைக்குப் போனா புளி, மிளகா, பருப்பு எல்லாம் கண்ணால பாத்து வாங்கலாம். பெரிய கடையும் வேணாம், அண்ணன் கடையும் வேணாம்.

பாலக்கோடு மளிகை
2004ல எங்க தர்மபுரியிலேருந்து தனி மாவட்டம்னு பிரிஞ்சு போனீங்க இல்ல, அங்கயே இருங்க. சந்தையில சூரியகாந்தி எண்ணெய் முளைக்குதா?

மாங்கூழ், கிருஷ்ணகிரி
1965ல நீங்க சேலத்துலேருந்து பிரிஞ்சப்ப யாராவது இப்படிக் கேட்டாங்களா?

பென்னாகரம் டீச்சர்
விசயத்துக்கு வாங்க. அந்த மாதிரித் தள்ளுபடிக் கடை எண்ணெய், சர்க்கரைன்னு எல்லாருக்கும் விலை தெரிஞ்ச சாமானை அடக்க விலைக்குப் பக்கத்துல வச்சு ஆளை உள்ள இழுக்கும். லாபம் மத்த அலமாரியில இருக்கும், பிளாஸ்டிக் டப்பா, துணிமணி, பிஸ்கெட்டுன்னு. எண்ணெய் வாங்கப் போறவங்க பக்கெட்டோட வர்றாங்க. தம்பி முழு பில்லையும் போடட்டும், பாக்கலாம்.

ஓசூர் ஷிப்ட்
பக்கெட் ஒண்ணு வாங்கினேன். வீட்டுக்குத் தேவைதான்.

பாலக்கோடு மளிகை
ஹா! பக்கெட்! 3 ரூபா மிச்சம் பண்ணி பக்கெட் வாங்கியாச்சு! அந்த பக்கெட் எத்தனை மில்லி தம்பி?

காரிமங்கலம் ராணி
அவரு பக்கெட் வாங்கட்டும், வாங்காம இருக்கட்டும். அங்க விலை எழுதி ஒட்டியிருக்கு. உங்க கடையில மூஞ்சியைப் பாத்து விலை. 2020 ஊரடங்குல துவரம்பருப்பு வாங்க வந்தப்ப ஒரு கடையில சொன்ன விலையை நான் மறக்கல.

பாலக்கோடு மளிகை
அந்த ஊரடங்குல பஸ் இல்ல, வேலை இல்ல, கையில காசில்ல. அப்ப எந்தத் தள்ளுபடிக் கடை நோட்டுல எழுதிக்கிட்டு சாமான் குடுத்துச்சு? நான் குடுத்தேன். அந்த நோட்டு இன்னும் இருக்கு. பேர் படிக்கட்டுமா?

மாங்கூழ், கிருஷ்ணகிரி
படிங்க, படிங்க. பக்கத்துலயே 26 கிலோ சிப்பத்து பில்லையும் படிச்சுடுங்க.

ஓசூர் ஷிப்ட்
என் பேர் அந்த நோட்டுல இல்ல. எனக்கு பயமில்ல. கிராம்தான்.

பாலக்கோடு மளிகை
உன் பேர் இல்ல. உங்க மாமா பேர் இருக்கு.

ஓசூர் ஷிப்ட்
மாமாவை எதுக்கு இழுக்கறீங்க? அவரு உங்க கடையில எண்ணெய் வாங்கினதே இல்ல, ரேசன் பாமாயில்தான்.

பென்னாகரம் டீச்சர்
அதையும் கணக்குல சேருங்களேன். ரேசன்ல பாமாயில் லிட்டர் 25 ரூபா, துவரம்பருப்பு கிலோ 30. நம்ம மாவட்டத்துக்கு 2023லேருந்து அரிசியில 2 கிலோவுக்குப் பதிலா ராகியும் உண்டு. இதை ஒருத்தரும் பேசலையே.

காரிமங்கலம் ராணி
டீச்சர், பருப்பு மாசா மாசம் வருதா உங்க கடையில? எந்தத் தேதியில போறீங்க, சொல்லுங்க. நான் போனா எப்பவும் தீந்துபோச்சுங்கறாங்க.

பாலக்கோடு மளிகை
ரேசனை விடுங்க, அது அரசாங்கக் காசு. நான் கேட்டதுக்கு இன்னும் பதில் வரல. புது பாக்கெட் வாங்கி, மூலையை வெட்டாம, போட்டோ போடச் சொல்லுங்க அந்தத் தம்பியை. அதுவரைக்கும் மில்லிதான்.

ஓசூர் ஷிப்ட்
நீங்க உங்க பாக்கெட்டைத் தராசுல வைங்க, அப்புறம் நான் வாங்கறேன்.

மாங்கூழ், கிருஷ்ணகிரி
ரெண்டும் நடக்காது. அண்ணே, புளி என்ன விலை உங்க கடையில? கொட்டை எடுத்ததா, எடுக்காததா?

பாலக்கோடு மளிகை
சந்தைக்காரனுக்கு நான் விலை சொல்றதில்ல.