பழைய எலக்ட்ரானிக் ஃபிலிம் கேமரா: மெக்கானிக்கின் கைவேலையை எப்படிப் பதிவு செய்வது?

தகடூர்35:
தர்மபுரியில் கேமரா மெக்கானிக் ஒருவர் கடையை மூடப்போகிறார். வாரம் இரண்டு நாள் சொல்லித்தரச் சம்மதித்திருக்கிறார். கேனான் ஏஇ-1, மினோல்டா எக்ஸ்-700, நிகான் எஃப்இ, பென்டாக்ஸ் எம்இ சூப்பர், நான்குக்கும் சர்வீஸ் மேனுவல் கையில் இருக்கிறது. அதில் இல்லாத எதை அவரிடம் கேட்டு வாங்க வேண்டும்?

ஓசூர்_சால்டர்:
மேனுவல் எழுதியபோது கேமரா புதுசு. நாற்பது வருடம் கழித்து எது முதலில் சாகும் என்பது அதில் இருக்காது சார். அதனால் கோளாறு வாரியாக எழுதுங்கள்: அறிகுறி, அவர் முதலில் தொடும் இடம், அளந்த எண், செய்த வேலை.

எக்ஸ்-700ஐ (1981) எடுத்துக்கொள்ளுங்கள். வியூஃபைண்டரில் எல்இடி எரியும். பட்டனை முழுசாக அழுத்தினால் அணைந்துவிடும், ஷட்டர் ஓடாது. புது எஸ்ஆர்44 பட்டன் பேட்டரி இரண்டு போட்டும் அப்படியே என்றால் பெரும்பாலும் அடித்தகட்டுக்குள் இருக்கும் 220 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர்தான். 6.3 வோல்ட் டான்டலம் ரகக் கெப்பாசிட்டர் போடலாம். பலர் சறுக்குவது இங்கேதான்: சாதாரண எலக்ட்ரோலிட்டிக் ரகத்தில் கோடு போட்ட பக்கம் மைனஸ், டான்டலத்தில் கோடு பிளஸ். மாற்றி வைத்தால் புகைதான். அயர்ன் 300 டிகிரி, 2-3 நொடிக்கு மேல் வைத்தால் ஃப்ளெக்ஸில் (வளையும் மெல்லிய சர்க்யூட் தாள்) செம்புத் தடம் உரிந்து வரும். உதிரிக்கு இங்கிருந்து பஸ் ஏறினால் பெங்களூரு எஸ்.பி. ரோடு எலக்ட்ரானிக்ஸ் கடைகள்.

இன்னொன்று, நன்றாக ஓடும் கேமராவைப் பிரித்து, போர்டில் அவர் வழக்கமாக அளக்கும் இடங்களின் வோல்ட்டேஜை போட்டோ மேலேயே எழுதி வையுங்கள். ஐசி (போர்டில் உள்ள சிப்) புதிதாகக் கிடைக்காது, வேறு பாடியிலிருந்து பிடுங்க வேண்டும். ஐசி போச்சு என்று தீர்ப்பு சொல்லும் முன் ஒப்பிட இந்த எண்கள் இல்லாவிட்டால் நல்ல பாடியும் வீணாகும்.

மாங்கனி_லென்ஸ்:
எழுத்தில் பிடிபடாததும் உண்டு. ஏஇ-1 (1976) 'இருமல்' கேட்டிருப்பீர்கள். ஷட்டர் அடிக்கும்போது கீச்சென்ற சத்தம். ஷட்டர் திரையில் கோளாறு இல்லை, கண்ணாடியை இயக்கும் பல்சக்கரத்தில் எண்ணெய் காய்ந்திருக்கும். நீண்ட ஊசி முனையில் வாட்ச் எண்ணெய் ஒரு துளி போதும். ஸ்ப்ரே அடித்தால் காந்தம் வரை ஓடி ஷட்டரே ஒட்டிக்கொள்ளும். வேலைக்கு முன்னும் பின்னும் சத்தத்தைப் பதிவு செய்யுங்கள். வீடியோவில் முகம் வேண்டாம். ஊசி எந்த இடுக்கில், எந்தச் சாய்வில் போகிறது என்பது தெரிந்தால் போதும்.

திருகுகள் ஜேஐஎஸ் (ஜப்பானியத் தர அளவு) ரகம். சாதாரண பிலிப்ஸ் முனை தலையை மழுக்கிவிடும். கழற்றியதைப் போட இட்லித் தட்டு அருமையான சாமான்: குழிக்கு ஒரு எண், அதே எண் போட்டோவிலும். நீளத் திருகு குட்டை ஓட்டையில் போனால் அடியில் ஃப்ளெக்ஸைக் குத்திவிடும்.

தகடூர்35:
ஷட்டர் வேகத்தை போன் ஸ்லோமோஷனில் அளந்து குறித்தால் போதுமா?

ஓசூர்_சால்டர்:
1/60 வரை ஒப்பேற்றலாம். நொடிக்கு 240 ஃபிரேமில் ஒரு ஃபிரேமே 4 மில்லிசெகண்டுக்கு மேல். 1/1000 என்பது ஒரே மில்லிசெகண்ட். லென்ஸைக் கழற்றி, பின்கதவைத் திறந்து, முன்னால் விளக்கு, ஃபிலிம் இருக்கும் இடத்தில் போட்டோடிரான்சிஸ்டர் (ஒளி பட்டால் மின்சாரம் விடும் உதிரி). அதை கம்ப்யூட்டர் மைக் சாக்கெட்டில் கொடுத்து ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் பதிந்தால் துடிப்பின் அகலம் தெரியும்.

அதற்கும் முன்னால் ஒரு சோதனை. எஃப்இயின் டயலில் எம்90, எம்இ சூப்பரின் டயலில் 125எக்ஸ், இந்த இரண்டு நிலையும் பேட்டரி இல்லாமலே ஓடும். அதில் ஓடி மற்ற வேகங்களில் ஓடாவிட்டால் கோளாறு எலக்ட்ரானிக்ஸில், மல்டிமீட்டரை எடுங்கள். அதிலேயே ஓடாவிட்டால் கோளாறு மெக்கானிசத்தில், எண்ணெயும் ஊசியும். ஏஇ-1, எக்ஸ்-700 இரண்டுக்கும் இந்த வசதி இல்லை, பேட்டரி செத்தால் கேமராவும் செத்தது. அதனால் அவரிடம் முதலில் கேட்டு எழுத வேண்டியது இந்த இரண்டையும் பற்றித்தான்.