ஆறாவது பியூஸ்

கொக்குவில் பெடியன்:
காற்றழுத்தத்தில் கை அசைக்கும் என் றோபோவில் பியூஸ் போய்க்கொண்டே இருக்கிறது, ஏனென்று பிடிபடவில்லை. காற்றடிக்கும் கொம்பிரசரின் லைனில் 20 அம்பியர் கண்ணாடி பியூஸ். காற்றுத் தாங்கி வெறுமையாக இருந்தால் அமுக்கத்தை 120 பிஎஸ்ஐ வரை ஏற்றி, அமுக்க சுவிச் வெட்டும்; ஒரு சோலியும் இல்லை. கையை நாலைந்து தரம் அசைக்க 95க்கு இறங்கும், சுவிச் மறுபடி போடும். அப்போதுதான் ‘ம்ம்ம்’ என்று ஒரு முனகல், அப்புறம் சத்தமே இல்லை. ஐந்து போய்விட்டது. ஆறாவதுக்கு மத்தியான வெயிலில் கஸ்தூரியார் வீதிக்குச் சைக்கிள் மிதித்தேன். “தம்பி, பெட்டியோட தரட்டோ?” என்று கடைக்காரர் கேட்டது இன்னும் காதில் நிற்கிறது.

மானிப்பாயான்:
எனக்கு ஷோர்ட். பியூஸுக்குப் பதிலாக மோட்டார் சைக்கிள் ஹெட்லைட் பல்பைக் கொடுத்து, கொம்பிரசரைக் கழற்றிவிட்டு, வயரை இடமிடமாக அசைத்துக்கொண்டு வந்தேன். முழங்கை மூட்டில் பல்ப் பளீர் என்று பற்றியது. அலுமினிய விளிம்பு வயரின் தோலைத் தின்றிருந்தது. அந்த அலுமினியச் சட்டத்தில்தான் பற்றரியின் நெகற்றிவ் கொடுத்திருந்தோம். தம்பி, வயரைப் பார்.

சுன்னாகம் வயர்மன்:
மானிப்பாயான், தம்பி எழுதியதை வாசித்தீரோ? வெறும் தாங்கியில் ஓடுகிறதாம். ஷோர்ட் என்ன, காற்று இருக்கிறதா என்று பார்த்தா வரும்? எனக்கும் பெயின்ற் கொம்பிரசரில் இதே கூத்து, அதை விடுங்கோ. தம்பி, போன பியூஸை வெளிச்சத்தில் பிடியும். கண்ணாடி கறுத்து, வெள்ளி பூசினதுபோலக் கிடந்தால் பெரும்பாலும் ஷோர்ட். கம்பி நடுவில் மட்டும் உருகி, கண்ணாடி தெளிவென்றால் ஓவர்லோட். பிஸ்டனுக்கு மேல் அமுக்கம் நின்றால் மோட்டர் சுழலாது, சுழலாத மோட்டர் பல மடங்கு கரண்ட் இழுக்கும். தாங்கிக் காற்றைத் திரும்ப விடாத செக் வால்வ் கசிகிறதோ பாரும். ஸ்டார்ட் எடுக்கும் நேரம் கொம்பிரசர் முனையிலேயே வோல்ற்றை அளவும். 12 கிட்ட நிற்கவேண்டியது 9க்கு விழுந்தால் வயர் மெல்லிசு, இல்லாவிட்டால் முனை பச்சை பூத்திருக்கும். எங்கட உப்புக் காற்று தெரியும்தானே. 30 அம்பியர் பியூஸ் போடச் சொல்லி ஆரும் வருவினம், கேளாதையும். பியூஸ் வயரைக் காக்கத்தான்.

மானிப்பாயான்:
நான் என்ர கதையைத்தான் சொன்னேன், ஐசே.

கொக்குவில் பெடியன்:
அண்ணை, ஐந்தின் கண்ணாடியும் தெளிவு. பற்றரியைக் கழற்றிவிட்டு, கொம்பிரசர் பக்கக் குழாயை உருவினேன். செக் வால்வுக்குள்ளால் ‘உஸ்’ என்று காற்று வந்துகொண்டேயிருந்தது, தாங்கியின் முள்ளும் இறங்கியது. உள்ளே, காற்றுக் கசியாமல் இருக்க நான் மரையில் சுற்றிய டெஃப்லோன் நாடாவின் துணுக்கு, அரிசி அளவு.