உலர் உணவிலிருந்து பச்சைக் கறிக்கு நாயை எப்படி மாற்றுவது?

கேள்வி

வணக்கம். எங்கள் நாய்க்கு 5 வயது, எடை 20 கிலோ, கருத்தடை செய்யப்பட்ட பெண் நாய். குட்டியாக வந்த நாளிலிருந்து பையில் வரும் உலர் உணவை மட்டுமே தின்று வளர்ந்தவள். சில மாதங்களாகக் கிண்ணத்தை முகர்ந்து பார்த்துவிட்டு விலகிப் போவதும், இரவில் பசி தாங்காமல் வந்து இரண்டு வாய் மட்டும் தின்பதுமாக இருக்கிறாள். கால்நடை மருத்துவர் பரிசோதித்துவிட்டு நோய் எதுவும் இல்லை என்றார்.

பச்சைக் கறி கொடுத்தால் நாய்கள் விரும்பித் தின்னும், ரோமம் பளபளக்கும், பல்லில் காறை படியாது என்று பலர் சொல்லக் கேட்டு, இரண்டு வாரங்களுக்கு முன் நானும் தொடங்கினேன். முதல் நாளே உலர் உணவைப் பாதியாகக் குறைத்து, மீதிக்கு எலும்பில்லாத கோழிக்கறியும் ஈரலும் வைத்தேன். கிண்ணம் தரையில் நகர நகர நக்கித் தின்றாள். மூன்றாம் நாள் காலையில் தண்ணீராகப் பேதி ஆனது, மலத்தின் மேல் சளி போல ஒரு பூச்சும் இருந்தது. பயந்துபோய்ப் பழைய உணவுக்கே திரும்பினேன். இரண்டு நாளில் சரியாகிவிட்டது.

கறியின் அளவை எவ்வளவு மெதுவாகக் கூட்ட வேண்டும்? உலர் உணவையும் பச்சைக் கறியையும் ஒரே வேளையில் கலந்து வைக்கக் கூடாது என்கிறார்களே, அது உண்மையா? பேதி என்பது உடலில் தேங்கிய நச்சு வெளியேறும் அறிகுறி, பொறுத்துக்கொண்டு தொடருங்கள் என்று ஒருவர் சொன்னதை நம்பலாமா? வீட்டில் ஒன்றரை வயதுக் குழந்தை இருப்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பதில் 1

ஒரு முறை பேதியானதை வைத்து, உங்கள் நாயின் வயிறு கறியை ஏற்காது என்று முடிவு கட்ட வேண்டாம். ஐந்தாண்டுகள் ஒரே உணவுக்குப் பழகிய குடலுக்கு ஒரே நாளில் பாதியை மாற்றியதும், அதிலும் ஈரலை முதல் நாளே சேர்த்ததும்தான் காரணமாக இருக்க வேண்டும். பழகாத நாய்க்குக் கொஞ்சம் ஈரலே வயிற்றைக் கலக்கிவிடும். நச்சு வெளியேறுகிறது என்ற விளக்கத்தை நம்பாதீர்கள். மலத்தின் மேல் படியும் சளி பெருங்குடல் எரிச்சலுற்றிருப்பதைக் காட்டுகிறது. அதைக் கண்டதும் நிறுத்தினீர்களே, அதுதான் சரி.

என் நாயை மாற்ற எனக்கு ஏறத்தாழ ஒரு மாதம் பிடித்தது. தோலும் கொழுப்பும் நீக்கிய ஒரே வகைக் கறியை, முதல் மூன்று நாள் மொத்த உணவில் பத்தில் ஒரு பங்கு மட்டும் சேர்த்தேன். மலம் உருக்குலையாமல் கெட்டியாக இருந்தால் அடுத்த மூன்று நாளுக்கு இரண்டு பங்கு, பிறகு மூன்று பங்கு என்று கூட்டினேன். இளகிய நாள்களில் கூட்டாமல், முந்தைய அளவுக்குத் திரும்பினேன். ஈரலைக் கடைசி வாரத்தில்தான், அதுவும் கட்டைவிரல் நகமளவு துண்டாகத் தொடங்கினேன். இரண்டாவது வகைக் கறியை, முதல் வகை முழுதும் பழகிய பிறகே கொடுத்தேன்.

உலர் உணவையும் கறியையும் ஒரே கிண்ணத்தில் கலந்தே வைத்தேன். கெடுதல் எதுவும் நேரவில்லை. நாயின் இரைப்பை எதைத் தின்றாலும் கலந்து கூழாக்கித்தான் சிறுகுடலுக்கு அனுப்புகிறது. காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று பிரித்துக் கொடுக்க விரும்பினால் அதிலும் தவறில்லை. முழுதும் பச்சை உணவுக்கு மாறிய வளர்ந்த நாய்க்கு நாளொன்றுக்கு உடல் எடையில் 2 முதல் 3 விழுக்காடு உணவு என்பது வழக்கமான தொடக்கக் கணக்கு. உங்கள் நாய்க்கு அது 400 முதல் 600 கிராம் வரும். வாரம் ஒரு முறை எடை பார்த்து அதைத் திருத்திக்கொள்ளுங்கள்.

ஓர் எச்சரிக்கை. கொழுப்பு மிகுந்த கறியைத் திடீரென்று கொடுத்தால் கணையம் அழற்சி அடையக்கூடும். தொடர்ந்து வாந்தி எடுத்தாலோ, முன்னங்கால்களைத் தாழ்த்திப் பின்பகுதியை உயர்த்தி வலியோடு நின்றாலோ, அன்றைக்கே மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும்.

பதில் 2

மாற்றும் வேகத்தைப் பற்றி மேலே சொல்லியிருப்பதை ஏற்கிறேன். ஆனால் கேள்வியில் 'எலும்பில்லாத கோழிக்கறியும் ஈரலும்' என்ற சொற்களைப் படித்தபோது எனக்குப் பழைய நினைவு வந்து மனம் பதறியது, அதனால்தான் எழுதுகிறேன்.

நான் முதன்முதலாக வளர்த்த குட்டிக்கு நல்லதைக் கொடுக்கிறோம் என்று நம்பி, மூன்றாம் மாதத்திலிருந்து வெறும் கறியும் ஈரலுமே கொடுத்தேன். இரண்டு மாதம் கழித்து ஒரு மாலை, ஒரே ஒரு படி இறங்கும்போது அலறிக்கொண்டு உட்கார்ந்தவன் எழவில்லை. எக்ஸ்ரே படத்தை விளக்கின் முன் பிடித்து மருத்துவர் காட்டியபோது, எலும்பு எது, சுற்றியுள்ள சதை எது என்று என்னால் பிரித்துப் பார்க்க முடியவில்லை. எலும்பு அவ்வளவு மங்கலாக இருந்தது. அவர் கேட்ட முதல் கேள்வி, "என்ன கொடுக்கிறீர்கள்?" என்பதுதான். உணவைத் திருத்திய பின் அவன் தேறினான். ஆனாலும் முன்னங்கால் வளைவு கடைசிவரை நிமிரவில்லை.

எலும்பில்லாத கறி 100 கிராமில் கால்சியம் 10 மில்லிகிராம் அளவுக்கும், பாஸ்பரஸ் 200 மில்லிகிராம் அளவுக்கும் இருக்கும். நாய்க்கு வேண்டியது பாஸ்பரஸை விடச் சற்றே கூடுதலான கால்சியம். உணவில் அது கிடைக்காதபோது உடல் எலும்பிலிருந்து கரைத்து எடுத்து இரத்தத்தில் அளவைச் சரியாக வைத்துக்கொள்கிறது. ஆகவே இரத்தப் பரிசோதனை நன்றாக இருக்கிறது என்று நிம்மதி அடைந்துவிட முடியாது. வளர்ந்த நாயில் பாதிப்பு தெரிய நாளாகும், அவ்வளவே வேறுபாடு.

80 விழுக்காடு கறி, 10 விழுக்காடு எலும்பு, 10 விழுக்காடு ஈரல் உள்ளிட்ட உறுப்புகள் என்று பலர் ஒரு கணக்குச் சொல்வார்கள். வெறும் கறியைவிட அது மேல் என்றாலும், துத்தநாகம், மாங்கனீசு, அயோடின், வைட்டமின் ஈ ஆகியவை அதில் பெரும்பாலும் போதாமல் போகின்றன. ஈரலை அள்ளிக் கொடுத்தால் வைட்டமின் ஏ மிகுந்து கெடுதல் செய்யும். எலும்பு கூடினால் மலம் வெளுத்துச் சுண்ணாம்புக் கட்டிபோல் உதிரும், நாய் முக்கி அவதிப்படும். வெந்த எலும்பு கூர்கூராகச் சிலும்பி உடைந்து தொண்டையையும் குடலையும் கிழிக்கும் என்பதால் அதை எந்த நிலையிலும் கொடுக்காதீர்கள். பச்சையாகக் கொடுத்தாலும், பெரிய விலங்கின் நல்லி எலும்பைக் கடித்துக் கடைவாய்ப் பல் பிளந்துபோன நாய்கள் உண்டு. விலங்கு உணவியல் படித்த மருத்துவர் ஒருவரிடம் இந்த நாய்க்கென்றே உணவுக் குறிப்பு எழுதி வாங்குவதற்கு முன் தொடங்காதீர்கள்.

பதில் 3

கேள்வியின் கடைசி வரியைப் பற்றி யாரும் இன்னும் பேசவில்லை. நான் கால்நடை மருத்துவமனையில் உதவியாளராகப் பல ஆண்டுகள் வேலை செய்தவன். ஒன்றரை வயதுக் குழந்தை இருக்கும் வீட்டில் பச்சைக் கறி வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2010இல் தொடங்கிய ஈராண்டு ஆய்வில், செல்லப் பிராணிகளுக்கென விற்கப்பட்ட பச்சை உணவின் 196 மாதிரிகளில் 15இல் சால்மொனெல்லாவும் 32இல் லிஸ்டீரியா மோனோசைட்டோஜீன்ஸும் காணப்பட்டன. இரண்டுமே மனிதருக்கும் நோய் தரும் பாக்டீரியாக்கள். அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கம் 2012 முதல், சமைக்காத விலங்குப் புரதத்தை நாய்க்கும் பூனைக்கும் கொடுப்பதை ஊக்குவிப்பதில்லை. ஃப்ரீசரில் உறைய வைப்பது சில ஒட்டுண்ணிகளைக் கொல்லும். பாக்டீரியா பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். நாய் நலமாகவே துள்ளித் திரியும், ஆனால் அதன் மலத்தில் சால்மொனெல்லா வெளியேறிக்கொண்டிருக்கும். தின்ற வாயோடு வந்து குழந்தையின் கையை நக்கும். குழந்தை அந்தக் கையை வாயில் வைக்கும். இதை எத்தனை பேர் காவல் இருந்து தடுக்க முடியும்?

ஓநாயின் வழிவந்ததால் நாய்க்குப் பச்சைக் கறிதான் இயற்கை என்ற வாதத்தையும் நான் ஏற்பதில்லை. மாவுச்சத்தைச் செரிக்க உதவும் ஏஎம்ஒய்2பி என்ற மரபணு ஓநாயிடம் 2 நகல்களும் நாய்களிடம் 4 முதல் 30 வரையிலும் இருப்பதாக 2013இல் வெளியான ஆய்வு காட்டியது. மனிதரோடு வாழ்ந்து, மனிதரின் உணவுக்கு இசைந்து மாறிய உயிர் அது.

உங்கள் நாய் விரும்பியது கறியை. கறி பச்சையாக இருந்தால்தான் தின்பாள் என்று தெரியவில்லையே. உப்பு, வெங்காயம், பூண்டு எதுவும் சேர்க்காமல் முழுதும் வேகவைத்து, எலும்பை நீக்கி, வெந்த தண்ணீரோடு கொடுத்துப் பாருங்கள்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. நச்சு வெளியேறுகிறது என்ற பேச்சை நம்பி அன்றைக்கு நிறுத்தாமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே அச்சமாக இருக்கிறது. நேற்று வேகவைத்த கறியில் இரண்டு கரண்டி எடுத்து உலர் உணவின் மேல் ஊற்றி வைத்தேன்; அடியில் இருந்த உருண்டை ஒன்றையும் விடாமல் தின்றுவிட்டாள். குழந்தை வளரும் வரையிலாவது இந்த வழியிலேயே போகலாம் என்று முடிவுசெய்திருக்கிறோம். அளவைப் பத்தில் ஒரு பங்கிலிருந்தே கூட்டுகிறேன். உணவுக் குறிப்புக்காக மருத்துவரிடமும் நேரம் கேட்டிருக்கிறேன். வேகவைத்த கறிக்கும் கால்சியக் கணக்கு அதேதானா? எலும்பு கொடுக்க முடியாதபோது அதற்கு என்ன செய்வது?

பதில் 2 எழுதியவர்

ஆம், வேகவைப்பதால் கறியில் கால்சியம் கூடிவிடாது. கறி பத்தில் ஒரு பங்காக, மீதி உலர் உணவாக இருக்கும் வரை நீங்கள் எதையும் சேர்க்க வேண்டியதில்லை. உலர் உணவிலேயே தேவையானது இருக்கிறது. கறியே முதன்மை உணவாகும்போது முட்டை ஓட்டுத் தூள் எளிய வழி. ஒரு கிராம் தூளில் 380 மில்லிகிராம் அளவுக்குக் கால்சியம் உண்டு. எலும்பில்லாத கறி 500 கிராமுக்கு மூன்று முதல் மூன்றரை கிராம் தூள் வேண்டியிருக்கும். உங்கள் மருத்துவர் வேறு அளவு சொன்னால் அதையே பின்பற்றுங்கள். ஓட்டைக் கழுவி, பத்து நிமிடம் கொதிக்க வைத்து, ஈரம் போக உலர்த்திய பிறகு அரைக்க வேண்டும். இரு விரலுக்கிடையில் தேய்த்தால் நறநறக்காமல் மாவு போல இருக்கும் வரை அரையுங்கள்.