டிப்ளமோ முடித்த தம்பிக்குக் காற்றாலை வேலையா, கங்கைகொண்டான் சோலார் ஆலையா?

வள்ளியூர் அக்கா:
எல்லோருக்கும் வணக்கம். என் தம்பி இந்த வருடம் டிப்ளமோ ட்ரிபிள் ஈ முடித்திருக்கிறான். எங்கள் ஊர்ப் பையன்கள் பாதிப்பேர் காத்தாடி சைட்டில் சர்வீஸ் வேலைக்குத்தான் போகிறார்கள். இவனோ கங்கைகொண்டான் சிப்காட்டில் டாடா பவர் சோலார் ஆலைக்கும் போட்டுப் பார்க்கலாம் என்கிறான். அப்பாவுக்கு உயரம் ஏறுகிற வேலை என்றாலே வயிற்றைக் கலக்குகிறது. மாமா பையன் ஒருவன் 2017 வாக்கில் காற்றாலை காண்ட்ராக்டரிடம் வேலை போய் ஒரு வருடத்துக்கு மேல் வீட்டில் இருந்தான். அதுவும் மனதில் இருக்கிறது. இந்தத் தொழில் நம் பக்கம் நிலைக்குமா? உள்ளே இருப்பவர்கள் சொல்லுங்கள்.

கோவை மில் கணக்கர்:
நான் பணம் போட்ட பக்கத்தில் இருந்து சொல்கிறேன். எங்கள் மில்லுக்கு ஆரல்வாய்மொழி பக்கத்து முப்பந்தலில் காற்றாலை மிஷின்கள் உண்டு. தொண்ணூறுகளில் வருமானவரிக் கணக்கில் மிஷின் விலை முழுவதையும் முதல் வருடமே தேய்மானச் செலவாக, அதாவது நூறு சதவீதத் தேய்மானமாக, காட்டலாம் என்றிருந்ததால் மில்காரர்கள் போட்டி போட்டு வாங்கினார்கள். அங்கே ஓடுகிற யூனிட்டை இங்கே மில் பில்லில் கழித்துக்கொள்ளலாம், மிச்சத்தை மின்வாரியத்திடம் பேங்கிங்கில், அதாவது பிறகு எடுத்துக்கொள்ளும்படி கணக்கில், வைக்கலாம். பின்னால் தேய்மானம் 80 ஆகி, 2017 ஏப்ரலில் 40 ஆனது. சலுகை குறையும்போதெல்லாம் புது ஆர்டர் படுத்துவிடும். ஆனால் ஏற்கெனவே நிற்கிற மிஷினை யாரும் கழற்றிப் போடவில்லை. நூற்பாலைக்குக் கரண்ட்தான் பெரிய செலவு.

ஆரல்வாய்மொழி டெக்னீஷியன்:
தங்கச்சி, கணக்கர் சார் கடைசியில் சொன்னதுதான் உங்கள் கேள்விக்குப் பாதிப் பதில். வேலை போனவர்களில் பெரும்பாலோர் புது மிஷின் நிறுத்துகிற பக்கம் இருந்தவர்கள். 2017இல் குறைந்த விலைக்குக் கரண்ட் தருகிறவருக்கே ஆர்டர் என்ற ஏலமுறை வந்து, முதல் ஏலத்திலேயே யூனிட் 3.46 ரூபாய்க்கு இறங்கிவிட்டது. சின்னக் காண்ட்ராக்டர்கள் தாங்கவில்லை. எங்களோடு சாப்பிட்டுக்கொண்டிருந்த பையன்கள் சம்பள பாக்கியோடு ஊருக்குப் போனதைப் பார்த்தவன் நான். இன்றைக்கும் ஆறவில்லை. ஆனால் சர்வீஸ் பக்கம் ஆள் தேவை நிற்கவே இல்லை. காற்று அடித்தால் மிஷின் ஓடவேண்டும், ஓடினால் தேயும்.

1986இல் தூத்துக்குடி முள்ளக்காட்டில் 55 கிலோவாட் மிஷின்களோடு ஆரம்பித்தது, இன்றைக்குத் தமிழ்நாட்டில் பத்தாயிரம் மெகாவாட்டைத் தாண்டி நிற்கிறது. ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றும் மில் முதலாளிகளின் பணமும் மட்டும் இதை வளர்க்கவில்லை. ஆரம்பத்தில் ஒரு பல்சக்கரம் உடைந்தால் டென்மார்க்கில் இருந்து வரும்வரை மிஷின் சும்மா நிற்கும். அப்புறம் கோவைப் பட்டறைகளில் கியர் வெட்டினார்கள், மோட்டார் காயில் கட்டுகிற கைகள் ஜெனரேட்டர் காயிலும் கட்டின. இப்போது அதே கோவையில் காற்றாலை கியர்பாக்ஸே முழுதாகச் செய்கிறார்கள். ஸ்ரீபெரும்புதூரில் வெஸ்டாஸ் இருக்கிறது. சென்னை பள்ளிக்கரணையில் தேசியக் காற்று ஆற்றல் நிறுவனமும், கயத்தாற்றில் அவர்களுடைய சோதனை நிலையமும் இருக்கின்றன. வடக்கே இருந்து வருகிறவர்கள் நம் டெக்னீஷியன்களைத் தேடி அழைத்துப் போகிறார்கள் என்றால் இந்தப் பழக்கம்தான் காரணம். எனக்கு இதில் பெருமை உண்டு.

வேலை எப்படி என்று தம்பிக்குச் சொல்லுங்கள். நான் சேர்ந்தது 250 கிலோவாட் மிஷின். கியர்பாக்ஸின் ஜன்னலைக் கழற்றி, டார்ச்சை உள்ளே காட்டி, ஒவ்வொரு பல்லாக மெதுவாகச் சுற்றிப் பார்க்க வேண்டும். பல்லின் முகத்தில் ஊசி குத்தினாற்போல் புள்ளி தெரிந்தால் குறித்துக்கொள்வோம். அடுத்த சர்வீஸில் அந்தப் புள்ளி பரவியிருக்கிறதா என்று அதே பல்லைத் தேடுவோம். பெரிய மிஷின்களில் ஜெனரேட்டரில் சுழல்கிற ஸ்லிப் ரிங் வளையத்தின்மேல் உரசும் கார்பன் பிரஷ்ஷை மாற்றுவது ஓயாத வேலை. அந்தக் கரித்தூளைச் சுத்தமாகத் துடைத்து எடுக்காவிட்டால் ஸ்பார்க் அடிக்கும். பொறுமை இல்லாதவனுக்கு இது சரிப்படாது.

அடுத்த பத்து வருடத்துக்கும் வேலை இருக்கிறது என்று நான் நம்புவதற்குக் காரணம் பழைய மிஷின்கள். நல்ல காற்றுள்ள இடமெல்லாம் அந்தக் காலத்துக் குட்டி மிஷின்களிடம் இருக்கிறது. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் சக்தி எட்டு மடங்கு. அப்படிப்பட்ட இடத்தில், காற்று குறைவாக இருக்கிற முப்பது நாற்பது மீட்டர் உயரத்தில் நின்றுகொண்டு, ஜெனரேட்டரில் காந்தப்புலம் உண்டாக்கத் தேவைப்படுகிற ரியாக்டிவ் பவரையும் மின்வாரிய லைனில் இருந்தே அவை இழுக்கின்றன, அதற்குத் தனிக் கட்டணம் வேறு. 2024இல் மாநில அரசு இதற்கென்றே கொள்கை கொண்டுவந்தது. பழையதை எடுத்துவிட்டுப் பெரியது வைக்கலாம், அல்லது பழுதுபார்த்து ஆயுளை நீட்டலாம். ஆனால் வைப்பது லேசில்லை. ஒருவருக்கு ஒரு மிஷின், இன்னொருவருக்கு இரண்டு, நிலமோ துண்டு துண்டு. பெரிய மிஷினுக்கு நாலைந்து பேர் ஒன்றாக உட்கார்ந்து பேசவேண்டும், லைனையும் சப்ஸ்டேஷனையும் பலப்படுத்த வேண்டும். அதனால் ஆயுளை நீட்டுகிற வேலைதான் முதலில் நிறைய வரும். அது முழுக்க டெக்னீஷியன் வேலை.

கங்கைகொண்டான் ஷிப்ட்:
சோலார் பக்கம் நான் சொல்கிறேன் அக்கா. எங்கள் லைனில் பெரும்பாலும் பெண்கள்தான். சோலார் செல்லைக் கோத்து, லேமினேட் பண்ணி, கடைசியில் கரண்ட் கொடுத்துப் படம் எடுத்துப் பார்ப்போம். கண்ணுக்குத் தெரியாத விரிசல்கூட அதில் கறுப்புக் கோடாகத் தெரியும். ஷிப்ட் வேலை, உயரம் இல்லை, வெயில் இல்லை. ஆனால் லைனிலேயே நின்றுவிடாமல் மெயின்டனன்ஸ் பக்கம் போகப் பாருங்கள். ட்ரிபிள் ஈ படித்தவர்களுக்கு அங்கேதான் வளர்ச்சி.

வள்ளியூர் அக்கா:
எல்லோருக்கும் ரொம்ப நன்றி. தம்பிக்குக் காற்றாலைதான் பிடித்திருக்கிறது. அப்பாவிடம் என்ன சொல்வது? சேரும்போது என்னென்ன கேட்க வேண்டும் அண்ணாச்சி?

ஆரல்வாய்மொழி டெக்னீஷியன்:
அப்பாவிடம் உள்ளதைச் சொல்லுங்கள். பெரிய டவர்களில் லிப்ட் இருக்கிறது, பழையவற்றில் ஏணிதான். இரண்டிலும் பெல்ட்டின் கொக்கி மாட்டாமல் ஒரு படி ஏறக்கூடாது. காற்று ஓர் அளவுக்கு மேல் போனால் மேலே ஏறவே கூடாது. சீசனில் மிஷின் நின்றால் சூப்பர்வைசர் அவசரப்படுத்துவார். அப்போது முடியாது என்று சொல்கிற தைரியம் தம்பிக்கு வேண்டும்.

சேருமுன் ஜி.டபிள்யூ.ஓ என்கிற காற்றாலைப் பாதுகாப்புப் பயிற்சிக்கு யார் பணம் கட்டுவார்கள் என்று கேளுங்கள். உயரத்தில் வேலை, தீயணைப்பு, முதலுதவி எல்லாம் அதில் வரும், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். பி.எப். யார் பெயரில் பிடிக்கிறார்கள், கம்பெனியா, ஆள் அனுப்புகிற காண்ட்ராக்டரா என்று எழுத்தில் வாங்குங்கள். பெல்ட்டில் தயாரித்த தேதியைத் தம்பி தன் கண்ணால் பார்க்கட்டும்.

மே முதல் செப்டம்பர் வரை காற்று சீசன், யாருக்கும் நின்று சொல்லிக்கொடுக்க நேரம் இருக்காது. காற்று அடங்கி ஐப்பசியில் பெரிய சர்வீஸ் தொடங்கும்போது டிரெய்னியாகச் சேரச் சொல்லுங்கள். அதுவரை ஹைட்ராலிக்ஸும், மிஷினைக் கட்டுப்படுத்துகிற கம்ப்யூட்டரான பி.எல்.சி.யும் எங்கேயாவது படிக்கட்டும்.