ஆறு எஃபெக்ட், ஒரே பெட்டி: பைபாஸில் போட்டாலும் பல்பின் துடிப்பு கேட்கிறது

ஈயப்புகை:

வணக்கம். ஆறு கிட்டார் எஃபெக்டுகளைத் தனித்தனி பெடலாக இல்லாமல் ஒரே அலுமினியப் பெட்டியில் கட்டிக்கொண்டிருக்கிறேன். 2 மி.மீ. தகடு, 50 × 28 × 8 செ.மீ. சிக்னல் போகும் வரிசை இது: ஜெர்மானியம் ஃபஸ் (ஏசி128 டிரான்சிஸ்டர் இரண்டு, பிஎன்பி வகை), 4558 ஆப்-ஆம்ப் ஓவர்டிரைவ், யூனிவைப் (துடிக்கும் பல்பு வெளிச்சத்தால் ஒலியை அலையவைப்பது: 12 வோல்ட் 50 மில்லி ஆம்பியர் பல்பு, சுற்றி நாலு எல்டிஆர், அதாவது வெளிச்சத்துக்கு மாறும் ரெசிஸ்டர்), பிடி2399 சிப் டிலே இரண்டு, கடைசியில் ஸ்பிரிங் ரிவெர்ப். எல்லாவற்றுக்கும் 3பிடிடி ஃபுட்சுவிட்ச் (மிதித்தால் எஃபெக்ட் ஆன், மறுபடி மிதித்தால் பைபாஸ், சிக்னல் எஃபெக்டைத் தொடாமல் சுற்றிப்போகும்). கரண்ட் 12 வோல்ட் 2 ஆம்பியர் எஸ்எம்பிஎஸ் அடாப்டரிலிருந்து, உள்ளே ஒரே ஒரு 7809 (9 வோல்ட் ரெகுலேட்டர்). ஃபஸ்ஸுக்கு மட்டும் 7660 (பிளஸ் வோல்ட்டை மைனஸாக்கும் சிப்) வைத்து மைனஸ் 9 வோல்ட். கிரவுண்டு வயரை ஒரு போர்டிலிருந்து அடுத்ததற்கு என்று வரிசையாக இழுத்திருக்கிறேன். ஜாக்குகள் எல்லாம் உலோகம், நேராகப் பெட்டியில் முறுக்கியவை.

மேஜையில் தனியாக வைத்தால் ஒவ்வொரு போர்டும் சுத்தமாகப் பாடுகிறது. பெட்டிக்குள் போனதும் யூனிவைப்பின் வேகத்துக்கே 'தும்… தும்…' என்று ஒரு துடிப்பு. யூனிவைப்பை பைபாஸில் போட்டாலும் நிற்கவில்லை, ஓவர்டிரைவ் ஆன் செய்தால் இன்னும் பெரிதாகிறது. ஃபஸ் ஆன் ஆனால் மெல்லிய விசில். டிலே இரண்டில் ஒன்று சில நேரம் பவர் போட்டவுடன் ஊமையாக இருக்கிறது, அணைத்துப் போட்டால் சரியாகிவிடும். இரண்டு டிலேவும் ஓடும்போது ஏறி இறங்கும் கீச்சு ஒன்றும் உண்டு. அடாப்டரைத் தூக்கிவிட்டு டிரான்ஸ்ஃபார்மர் போடலாமா என்றும் யோசனை. எங்கிருந்து ஆரம்பிப்பது?

கம்பிச்சுருள்:

கிரவுண்டிலிருந்து. அடாப்டரை இப்போதைக்குத் தொடாதீர்கள். பல்புத் துடிப்புக்கு அது காரணமாக இருக்க வாய்ப்பு குறைவு.

பல்பின் 50 மில்லி ஆம்பியர் திரும்பி வரும் வழியைப் பாருங்கள். நீங்கள் சொன்ன வரிசைப்படி அது ஓவர்டிரைவ், ஃபஸ் போர்டுகளின் கிரவுண்டு வயர் வழியாகத்தான் 7809-க்கு வந்து சேர்கிறது. மெல்லிய வயர், ஒன்றிரண்டு சுமாரான சால்டர் எல்லாம் சேர்ந்து 0.1 ஓம் என்றாலே 5 மில்லி வோல்ட் ஆகிவிடும். கிட்டார் பிக்அப் தருவதே 100 மில்லி வோல்ட் சொச்சம். ஓவர்டிரைவின் கண்ணுக்கு அந்த 5 மில்லி வோல்ட்டும் சிக்னல்தான், அதையும் சேர்த்துப் பெருக்கிவிடும். பைபாஸில் நிற்காததற்கும் காரணம் இதுவே: 3பிடிடி சுவிட்ச் சிக்னலை மட்டும்தான் திருப்புகிறது, பல்பு எரிந்துகொண்டேதான் இருக்கிறது.

சோதித்துவிடலாம். மல்டிமீட்டரை 200 மில்லி வோல்ட் டிசியில் வைத்து, ஒரு முனையை இன்புட் ஜாக்கின் ஸ்லீவிலும் (கிரவுண்டு முனை) மறு முனையை 7809-இன் நடுக்காலிலும் வையுங்கள். யூனிவைப் வேகத்தை நன்றாகக் குறைத்துவிடுங்கள். எண் பல்போடு சேர்ந்து ஏறி இறங்கினால் விஷயம் உறுதி. பிறகு பல்பு டிரைவரின் கிரவுண்டைப் போர்டிலிருந்து கழற்றி, அலிகேட்டர் கிளிப் வயரால் நேராகப் பவர் கெப்பாசிட்டரின் மைனஸுக்குக் கொடுத்துப் பாருங்கள்.

நிரந்தர வயரிங்கில் கிரவுண்டை மூன்று கூட்டமாகப் பிரியுங்கள். பல்பு, எல்இடி இவை ஒரு கூட்டம். டிலே சிப்புகள் இன்னொன்று. ஆடியோ போர்டுகள் மூன்றாவது. இதில் போர்டுக்கு ஒரு வயர். மூன்றும் சந்திக்கும் இடம் ஃபில்டர் கெப்பாசிட்டரின் மைனஸ் கால் ஒன்றுதான். பெட்டித் தகட்டை வயராகப் பயன்படுத்தக் கூடாது. உலோக ஜாக்குகளை எடுத்துவிட்டுப் பிளாஸ்டிக் உடல் ஜாக் போடுங்கள். தகட்டுக்குக் கிரவுண்டு ஒரே இடத்தில், இன்புட் ஜாக் பக்கம், பெயின்ட்டைச் சுரண்டிப் போல்ட்டில். பல்புக்கான பிளஸ்ஸையும் 7809-க்கு முன்னாலேயே 12 வோல்ட்டிலிருந்து எடுங்கள். ஆறின இழையின் மின்தடை எரியும்போது இருப்பதில் பத்தில் ஒரு பங்குதான், அதனால் பவர் போட்ட கணத்தில் பல்பு இழுக்கும் இழுப்பில் 9 வோல்ட் லைன் ஆடும்.

சைன்வேவ்:

இவ்வளவு வயரை மாற்றுவதற்குப் பதில் பல்பைத் தூக்கிவிட்டு வெள்ளை எல்இடி போடலாமே? 5 மில்லி ஆம்பியர் போதும், துடிப்பு பத்தில் ஒன்றாகிவிடும்.

கம்பிச்சுருள்:

துடிப்பு குறையும், யூனிவைப்பும் போய்விடும். ஷின்-எய் கம்பெனிக்காக ஃபுமியோ மியெடா 1960-களின் பிற்பகுதியில் வடிவமைத்த அந்தச் சர்க்யூட்டின் சாய்வான துடிப்பில் பெரும்பங்கு இழை மெதுவாகச் சூடேறி மெதுவாக ஆறுவதிலிருந்து வருகிறது. எல்இடிக்கு அந்தச் சோம்பல் கிடையாது. எல்எஃப்ஓவின் (பல்பைத் துடிக்கவைக்கும் சர்க்யூட்) அலையை வளைத்து ஓரளவு கிட்டே போகலாம், ஆனால் அது வேறு புராஜெக்ட். நாலு ஸ்டேஜின் கெப்பாசிட்டர்களும் 15 நானோ, 220 நானோ, 470 பிக்கோ, 4.7 நானோ என்று வேறுவேறாக இருக்கட்டும். 'சமமாக்கினால் நல்லது' என்று யாராவது சொன்னால் அவர் சொல்வது சாதாரண ஃபேஸரை.

வால்வு_ரசிகன்:

ஃபஸ் விசிலுக்கு: 7660 சாதாரணமாக 10 கிலோஹெர்ட்ஸில் ஓடுகிறது, அது காதுக்குக் கேட்கும் எல்லைக்குள்ளேயே இருக்கிறது. பெயரின் கடைசியில் 'எஸ்' உள்ள 7660எஸ் என்றால் 1-ஆம் காலை 8-ஆம் காலோடு இணையுங்கள், 35 கிலோஹெர்ட்ஸுக்குப் போய்விடும். 'எஸ்' இல்லாத பழைய ரகத்தில் அந்த வசதி கிடையாது, 10 வோல்ட்டுக்கு மேல் தாங்கவும் தாங்காது. தவறிப்போய் 12 வோல்ட் லைனைக் கொடுத்தால் அன்றே காலி.

ஆனால் என்னைக் கேட்டால் ஃபஸ்ஸுக்கு 7660-ஏ வேண்டாம். 33 கிலோ, 8.2 கிலோ ரெசிஸ்டர் போட்ட வழக்கமான ஃபஸ் ஃபேஸ் சர்க்யூட் எடுப்பது 1 மில்லி ஆம்பியருக்கும் குறைவு. சாதாரண 9 வோல்ட் கார்பன் பேட்டரியே நூற்றுக்கணக்கான மணி நேரம் ஓடும். பேட்டரியின் பிளஸ் ஆடியோ கிரவுண்டுக்கு, மைனஸ் சர்க்யூட்டுக்கு. வேறெதோடும் சம்பந்தமில்லாத தனி மின்சாரம் என்பதால் பிஎன்பி ஃபஸ்ஸுக்குப் பிளஸ் கிரவுண்டு, மற்றவற்றுக்கு மைனஸ் கிரவுண்டு என்ற சண்டையும் தீர்ந்தது. இன்புட்டுக்கு ஸ்டீரியோ ஜாக் போட்டு, பேட்டரியின் பிளஸ்ஸை அதன் ரிங் (நடு முனை) வழியாகக் கிரவுண்டுக்குக் கொண்டுபோங்கள். கேபிளைப் பிடுங்கினால் பேட்டரியும் அணையும். இண்டிகேட்டர் எல்இடியை மட்டும் மறக்காமல் பொது 9 வோல்ட்டிலிருந்து எடுங்கள், இல்லையென்றால் அதுவே பேட்டரியைக் குடித்துவிடும்.

இன்னொன்று, நம் ஊர் வெயில். ஜெர்மானியத்தின் லீக்கேஜ் ஏறத்தாழ 10 டிகிரிக்கு ஒரு முறை இரட்டிப்பாகும். பல்பும் ரெகுலேட்டரும் உள்ள மூடிய பெட்டியில், மே மாதத்தில், காலையில் வைத்த பயாஸ் (டிரான்சிஸ்டர் வேலை செய்யும் வோல்ட்) மாலையில் இருக்காது. நோட் இழுபடாமல் துப்பித் துப்பி அறுந்துபோகும். 8.2 கிலோ இடத்தில் 20 கிலோ டிரிம்பாட் போட்டு, வெளியிலிருந்து ஸ்க்ரூடிரைவர் நுழைய ஒரு துளை விடுங்கள். மூடியைப் போட்டு ஒரு மணி நேரம் ஓடவிட்ட பிறகு இரண்டாவது டிரான்சிஸ்டரின் கலெக்டரை 4.5 வோல்ட்டுக்குத் திருப்புங்கள். ஃபஸ்ஸைப் பல்பிலிருந்து தூரமாக, காற்றோட்டம் உள்ள மூலையில் வையுங்கள்.

ஏசி128-ஐச் சந்தையில் பொறுக்கி எடுக்கும்போது மீட்டரின் எச்எஃப்ஈ எண்ணை நம்பவே வேண்டாம், அது லீக்கேஜையும் கெயின் கணக்கில் சேர்த்துவிடும். எமிட்டரை 9 வோல்ட் பேட்டரியின் பிளஸ்ஸில் கொடுத்து, கலெக்டருக்கும் மைனஸுக்கும் நடுவே 2.47 கிலோ ஓம் வையுங்கள். பேஸை எதிலும் இணைக்காமல் அந்த ரெசிஸ்டரின் வோல்ட்டை அளந்துகொள்ளுங்கள். பிறகு பேஸிலிருந்து மைனஸுக்கு 2.2 மெக் ஓம் கொடுத்து மறுபடியும் அளந்து, இரண்டின் வித்தியாசத்தை நூறால் பெருக்கினால் உண்மையான கெயின். முதலாவதற்கு 70–80, இரண்டாவதற்கு 110–130 இருந்தால் சந்தோஷம். பேஸ் இணைக்காதபோதே 0.7 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அதைக் கடையிலேயே விட்டுவிட்டு வாருங்கள். கையில் பிடித்தபடி அளந்தால் விரல் சூட்டிலேயே எண் ஏறும், கீழே வைத்து அரை நிமிடம் பொறுங்கள்.

நாலாம்_கால்:

டிலே விஷயம். ஊமையாவது பிடி2399-இன் பிரபலமான வியாதி. பவர் வரும் கணத்தில் 6-ஆம் காலுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே மின்தடை மிகக் குறைவாக இருந்தால் சிப் பூட்டிக்கொள்ளும். டைம் பாட்டை (டிலே நேரத்தை மாற்றும் குமிழ்) முழுவதும் இறக்கி வைத்திருக்கும் நாட்களில் மட்டும் அப்படி ஆகிறதா என்று பாருங்கள். பாட்டோடு தொடராக 2.2 அல்லது 2.7 கிலோ ஓம் நிரந்தரமாகப் போட்டால் தீர்ந்தது. மிகக் குறுகிய டிலே கொஞ்சம் நீளும், அவ்வளவுதான். மறுபக்கம், 27.6 கிலோ ஓமில் 342 மில்லி செகண்ட் வரும் என்கிறது டேட்டாஷீட். 50 கிலோ பாட் போட்டால் 600-ஐத் தொடலாம், ஆனால் இரைச்சல் சேர்ந்தே வரும். ஃபில்டர் கெப்பாசிட்டரைக் கூட்டி மேல் ஸ்தாயியை வெட்டத் தயார் என்றால் மட்டும் போங்கள்.

ஏறி இறங்கும் கீச்சு இரண்டு சிப்புகளின் கிளாக்கும் ஒன்றோடொன்று மோதுவதால். ஒரே 78எல்05 ரெகுலேட்டரிலிருந்து (5 வோல்ட்) இரண்டுக்கும் கொடுத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். ஆளுக்கு ஒரு 78எல்05. அதன் முன்னால் 9 வோல்ட் லைனில் 47 ஓமும் 100 மைக்ரோ கெப்பாசிட்டரும். சிப்பின் 1-ஆம் காலை ஒட்டியே 100 மைக்ரோவும் 0.1 மைக்ரோவும். 3, 4 இரண்டும் தனித்தனிக் கிரவுண்டு, சிப்புக்கு அடியிலேயே ஒரு புள்ளியில் சேரட்டும். போர்டுகள் இரண்டையும் பெட்டியின் எதிரெதிர் பக்கம் வைத்தால் இன்னும் நல்லது.

சுவிட்ச் பற்றியும் ஒரு வார்த்தை. இவ்வளவு பெரிய பெட்டியில் ஒவ்வொரு போர்டிலிருந்தும் முன்பக்கம் வரை சிக்னல் போய்த் திரும்புவது வம்பு. ஃபஸ்ஸின் அவுட்புட் வயர் அதன் இன்புட் வயர் பக்கத்தில் ஓடினால் பைபாஸிலும் ஊளையிடும். போர்டின் விளிம்பிலேயே 5 வோல்ட் டிபிடிடி ரிலே வையுங்கள், ஃபுட்சுவிட்ச் வரை டிசி மட்டும் போகட்டும். காயிலுக்குக் குறுக்கே 1என்4148, இன்புட் அவுட்புட் இரண்டிலும் கிரவுண்டுக்கு 1 மெக் ஓம். ரிலே கிரவுண்டு பல்புக் கூட்டத்தோடு.

ஈயப்புகை:

மீட்டர் 3-க்கும் 7-க்கும் நடுவே ஆடியது, கிளிப் வயர் போட்டதும் துடிப்பு காணாமல் போனது. கிரவுண்டு பிரித்தாகிவிட்டது. டிலேவுக்கு 2.7 கிலோ, தனித்தனி 78எல்05, கீச்சும் இல்லை. ஃபஸ் பேட்டரிக்கு மாறிவிட்டது. அவசரத்துக்கு 3பிடிடியே இருக்கிறது, ரிலே போர்டு அடுத்த கட்டம்.

மிச்சம் ரிவெர்ப். கையில் 4ஏபி3சி1பி டேங்க் (ஸ்பிரிங்குகள் உள்ள தகட்டுப் பெட்டி) இருக்கிறது, 5532 ஆப்-ஆம்ப்பால் ஓட்டினால் சத்தமே வரவில்லை. அடாப்டருக்குப் பதில் டிரான்ஸ்ஃபார்மர் போட்டால் ஹம் வருமா?

கம்பிச்சுருள்:

அந்த எண்ணில் இரண்டாவது எழுத்து 'ஏ' என்றால் இன்புட் 8 ஓம். வால்வு ஆம்பின் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மருக்காகச் செய்தது, 5532-ஆல் அவ்வளவு கரண்ட் தர முடியாது. 4எஃப்பி என்று தொடங்கும் டேங்க் வாங்குங்கள், 1,475 ஓம். இருப்பதையே ஓட்ட வேண்டுமென்றால் எல்எம்386 ஆம்ப் சிப் போதும், அதன் கிரவுண்டும் பல்புக் கூட்டத்துக்கே. ஐந்தாவது எழுத்து 'சி' என்றால் இன்புட் பக்கம் தகட்டிலிருந்து விலகியது, அவுட்புட் பக்கம் டேங்க் தகட்டோடு கிரவுண்டானது. ஆகவே டேங்கை ரப்பர் வாஷரில் தொங்கவிடுங்கள், பெட்டித் தகட்டைத் தொட்டால் பழைய கிரவுண்டுச் சிக்கல் திரும்ப வரும். கடைசி 'பி' திறந்த பக்கம் கீழே பார்க்கப் படுக்கவைக்கும் ரகம் என்பதற்கு.

டிரான்ஸ்ஃபார்மர் போடுவதென்றால் தனி டப்பாவில், வெளியே. 42 செ.மீ. நீள டேங்கின் அவுட்புட் காயில் அதன் காந்தப்புலத்தைப் பிடிக்காமல் இருக்க இந்தப் பெட்டிக்குள் இடம் போதாது. 12 வோல்ட் செகண்டரி எடுங்கள், 9 வேண்டாம்: வீட்டு லைன் 190 வோல்ட்டுக்கு இறங்கும்போது 9 வோல்ட் செகண்டரி டயோடு பிரிட்ஜ் தாண்டி 9 வோல்ட்தான் மிஞ்சும், ரெகுலேட்டருக்கு 11-ஆவது வேண்டும். 12 என்றால் அதே நேரத்தில் 12.6 கிடைக்கும். ஃபில்டர் 2,200 மைக்ரோ, 35 வோல்ட். லோடு இல்லாத சின்ன டிரான்ஸ்ஃபார்மர் எழுதியதை விட ஐந்தில் ஒரு பங்கு கூடவே தரும். பிரைமரியில் 15 விஏவுக்கு 160 மில்லி ஆம்பியர் ஸ்லோ ப்ளோ ஃபியூஸ். டப்பா உலோகம் என்றால் அதற்கு எர்த் கட்டாயம். அந்த எர்த் வயரை எஃபெக்ட் பெட்டிக்கு இழுக்காதீர்கள், ஆம்ப் கேபிள் வழியாக அது ஏற்கெனவே வருகிறது.

அடாப்டரில் இப்போது விசில் எதுவும் இல்லையென்றால் இந்த வேலையே தேவையில்லை. உங்கள் மொத்தச் சுமை எல்லாம் சேர்த்தே 200 மில்லி ஆம்பியரைத் தாண்டாது.