ஒரே கார், இரண்டு டைனோ: 12 குதிரைத்திறன் எங்கே போனது?

காரைக்குடி டர்போ
என் கார் 1.2 லிட்டர் டர்போ பெட்ரோல். நிறுவனம் சொல்லும் திறன் 105 பிஎஸ் (குதிரைத்திறன்). ரீமேப் (திறன் கூட்ட என்ஜின் கணினியின் நிரலை மாற்றுவது) செய்தவர்கள் பெங்களூரில் டைனோவில் (உருளை மேல் காரை ஓட்டித் திறனை அளக்கும் இயந்திரம்) ஏற்றி, சக்கரத்தில் 124 என்று தாள் கொடுத்தார்கள். போன வாரம் கோயம்புத்தூரில் ஏற்றினேன், 112தான் வந்தது. காரில் ஒரு திருகைக்கூட மாற்றவில்லை. என்னை ஏமாற்றிவிட்டார்கள் என்றே நினைக்கிறேன்.

பள்ளத்தூர் பயணி
டைனோ தாளே விற்பனைக்கு அச்சடிப்பதுதான் தம்பி. திருச்சி சாலையில் 60லிருந்து 100 கிலோமீட்டர் வேகம் தொட எத்தனை நொடி ஆகிறது என்று பாருங்கள். உண்மை அங்கே தெரிந்துவிடும்.

தேவகோட்டைப் பட்டறை
ஆடு மாடு குறுக்கே வரும் சாலையில் அந்தச் சோதனை வேண்டவே வேண்டாம். காற்று எதிரே அடித்தாலும், சாலை லேசாக ஏறினாலும் நொடிக்கணக்கு மாறிவிடும்.

தம்பி, இரண்டு தாளிலும் மூலையில் "திருத்தம்" என்று ஒரு வரி இருக்கும். அதைப் படித்துச் சொல்லுங்கள்.

காரைக்குடி டர்போ
பெங்களூர் தாளில் "எஸ்ஏஇ" என்று இருக்கிறது. கோயம்புத்தூர் தாளில் "திருத்தம் இல்லை".

தேவகோட்டைப் பட்டறை
நினைத்தேன். எஸ்ஏஇ என்பது வாகனப் பொறியாளர் சங்கம். அதன் ஜே1349 என்ற திருத்த முறை 25 டிகிரி வெப்பத்தையும் 99 கிலோபாஸ்கல் காற்றழுத்தத்தையும் அடிப்படையாக வைக்கிறது. பெங்களூர் சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அழுத்தம் ஏறக்குறைய 91தான். அதை ஈடுகட்ட அந்தச் சூத்திரம் சுமார் 10 சதவீதத்தைக் கூட்டும். டர்போ இல்லாத என்ஜினுக்கு இது நியாயம். உங்கள் காரிலோ என்ஜின் கணினியான ஈசியு, காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போவைக் கூடுதலாகச் சுழலவைத்து, அழுத்தக் குறைவில் பெரும்பகுதியைத் தானே சரிக்கட்டிவிடுகிறது. அதன் மேல் இன்னொரு 10 சதவீதம் ஏறினால்? 112, 124 ஆகும்.

பள்ளத்தூர் பயணி
அப்படியென்றால் 124 பொய்தானே அண்ணே! அதைக் காட்டித்தானே பணம் வாங்கினார்கள்?

தேவகோட்டைப் பட்டறை
சூத்திரத்தை டர்போ காருக்குப் போட்டுவிட்டு விளக்காமல் இருந்தது தவறு, மறுக்கவில்லை. ஆனால் இயந்திரம் பொய் சொன்னது என்பதை ஏற்க மாட்டேன். கனமான உருளையைக் கார் எவ்வளவு விரைவாகச் சுழற்றுகிறது என்று கணக்கிடும் டைனோ ஒரு வகை. சுழல் மின்னோட்ட பிரேக்கால் எதிர்ச்சுமை கொடுப்பது இன்னொரு வகை. இரண்டாவதில் ஓட்டம் நீளும், டர்போ காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் சூடேறும், ஈசியு தீப்பொறி நேரத்தைப் பின்னுக்குத் தள்ளும். காரை டைனோவோடு பிணைக்கும் பட்டையை இறுக்கிக் கட்டினாலே டயர் நசுங்கி எண் இறங்கும். கியர் மாறினாலும் எண் மாறும். இவ்வளவுக்கும் மேல், சக்கரத்து எண்ணோடு 15 சதவீதம் சேர்த்தால் என்ஜின் திறன் வந்துவிடும் என்று ஒரு வாய்ப்பாடு சுற்றுகிறது. கியர் எண்ணெயின் சூட்டுக்கே இழப்பு மாறும்போது அது எப்படி ஒரே சதவீதமாக நிற்கும்?

புதுவயல் ஆலைக்காரர்
எங்கள் அரிசி ஆலைக்கு வரும் நெல் லாரியை இரண்டு எடை மேடைகளில் ஏற்றினால் இரண்டு எடை காட்டும். அதனால்தான் வெறும் லாரியையும் அதே மேடையில் ஏற்றிக் கழிக்கிறோம். தம்பி, ரீமேப்புக்கு முன்னால் எடுத்த தாள் எங்கே?

காரைக்குடி டர்போ
எடுக்கவே இல்லை ஐயா. இப்போதுதான் உறைக்கிறது. பழைய மேப்பை மீண்டும் ஏற்றித் தரக் கேட்டிருக்கிறேன். அதே கோயம்புத்தூர் டைனோவில், ஒரே காலையில், நான்காம் கியரிலேயே இரண்டு மேப்பையும் ஓட்டப்போகிறேன்.

பள்ளத்தூர் பயணி
ஓட்டுங்கள். ஆனால் 124 என்று எழுதிக் கொடுத்தவர்கள் பதில் சொல்லியே ஆக வேண்டும். அதில் நான் மாறப்போவதில்லை.

தேவகோட்டைப் பட்டறை
கேளுங்கள், அது உங்கள் உரிமை. தம்பி, டயர் காற்றழுத்தத்தைக் குறித்துவையுங்கள். ஓட்டங்களுக்கு நடுவே பத்து நிமிடம் விசிறி ஓடட்டும். ஒவ்வொரு மேப்புக்கும் மூன்று ஓட்டம் எடுத்து, திருத்தம் இல்லாத தாளையே வாங்கி வாருங்கள்.